என் மாண்டலினும் அவள் விரல்களும்

ஷார்ஜாவில் ஒரு கன்சல்டன்ட் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். எங்கள் இன்ஜினியர் ஓர் அமெரிக்கர். அவருடைய ஊர்ப்பக்கம் ஆட்டத்துக்கு வாசிக்கிற பழைய ஃபிடில் மெட்டுகள் அவருக்கு அத்துபடி. ஃபிடில் என்றால் நம் வயலின்தான். மாண்டலினுக்கும் அதே சுருதிதான், அதே மெட்டுகளை அதிலும் வாசிக்கலாம் என்று அவர் சொன்னதும், துபாய் தேரா கடைத்தெருவில் ஒரு மாண்டலின் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன்.

கோடை முழுக்க ஒரே மெட்டோடு மல்லுக்கட்டினேன். முதல் பாதி வந்துவிடும். இரண்டாம் பாதியில், தந்தியை மீட்டும் பிக்கைப் பிடித்த வலது கை முந்தும், இடது கை பின்தங்கும்.

ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு வரும்போது அந்த மெட்டு கேட்டது. இன்ஜினியர் கொடுத்த சிடி ஓடுகிறதென்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து என் மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதி, தடங்கலே இல்லாமல்.

"எப்ப கத்துக்கிட்ட?"

"கத்துக்கலைங்க. தினமும் கேட்டுக் கேட்டு மனசுல நின்னுடுச்சு. ஸ்கூல் படிக்கறப்ப வயலின் கிளாஸ் போனேன்ல, விரல் தானா போகுது."

எனக்கு வயிறு எரிந்தது. "பிக்கை அப்படிப் பிடிக்கக் கூடாது" என்றேன். மாற்றிப் பிடித்தாள். இன்னும் நன்றாக வந்தது.

அடுத்த வெள்ளி அவளும் வந்தாள். என்னிடம் எப்போதும் "மெதுவா, மெதுவா" என்கிற இன்ஜினியர், அவள் வாசித்து முடித்ததும் "இன்னொரு தடவை" என்றார். பிறகு ஃபிடிலை எடுத்து அவளோடு சேர்ந்துகொண்டார். என் கையில் ஒரு கிடாரைக் கொடுத்து, பின்னால் வாசிக்க மூன்று கார்டு, அதாவது சில தந்திகளைச் சேர்த்து அழுத்தி மீட்டும் சுரக்கூட்டு, காட்டினார்.

திரும்பும் வழியில் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

"கோபமா?" என்றாள்.

"இல்ல. டிராஃபிக்."

"வேணும்னா நான் விட்டுடறேங்க."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த இரண்டாம் பாதியை இனிமேல் நான் வாசித்துத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தபோது, "வேண்டாம், வாசி" என்றேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் புகழும்போதெல்லாம் டீ போட எழுந்து போய்விடுவேன். அந்தக் கிடாரை எனக்கே கொடுத்துவிட்டு இன்ஜினியர் தோஹாவுக்கு மாற்றலாகிப் போன பிறகும் ஃபோனில் அவளைத்தான் கேட்பார். ஒருமுறை ஸ்பீக்கரில் புது மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

நான் கிடாரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இதுக்கு என்ன கார்டு?" என்று அவளிடம் கேட்டேன்.