ஞாயிற்றுக்கிழமை வந்த தந்தி

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் உற்பத்திச் செலவுக் கணக்கு பார்க்கும் காஸ்டிங் கிளார்க்காக இருந்த தணிகாசலம், காஸ்ட் அக்கவுண்டன்சி ஃபைனலில் இரண்டு முறை தோற்றவன். 1974 டிசம்பரில் மூன்றாவது முறையாக அவன் துணிந்து உட்கார்ந்ததற்குக் காரணம் முனிகிருஷ்ணன். இருவருக்கும் ஒரே ஆலை, ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் ஒரே அறை. பள்ளிப்பட்டுக்காரனான முனிகிருஷ்ணனும் அதே பரீட்சைக்குத்தான் படித்தான். தபாலில் வரும் பாடத்தை ஒருமுறை வாசித்தாலே அவனுக்குப் போதும். பிறகு தணிகாசலத்துக்கு ஏறும்வரை சலிக்காமல் சொல்லிக் கொடுப்பான்.

கடைசித் தாள் திங்கட்கிழமை. அதில் வரும், திட்டமிட்ட மேல்செலவுக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும் ஓவர்ஹெட் வேரியன்ஸ் கணக்குதான் தணிகாசலத்தை இரண்டு தடவையும் கவிழ்த்தது.

"ஞாயித்திக்கிழமை பூரா அதான்டா. புரியாம உன்ன உடமாட்டேன்" என்று முனிகிருஷ்ணன் சொல்லியிருந்தான்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அவன் நாஷ்டா வாங்கப் போயிருந்தபோது, தந்திச் சேவகர் கலியன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். தணிகாசலம் தந்தியை வாங்கிப் பிரித்தான். முனிகிருஷ்ணனின் அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்பட்டு வரவும் என்றிருந்தது.

ஒரு நாள்தானே, நாளை பரீட்சை முடிந்ததும் கொடுத்துவிடலாம், இப்போது போனால் அவனுடைய மூன்று வருஷப் படிப்பும் வீணாகிவிடும் என்று தணிகாசலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தந்தி தலையணைக்கு அடியில் போனது.

அன்று முழுக்க முனிகிருஷ்ணன் கணக்கு போட்டுக் காட்டினான். நடுவில் ஒருமுறை, "பரீட்சை முடிஞ்சதும் அம்மாவ மெட்ராசுக்கு இட்டாந்து கண்ணு காட்டணும்டா. பார்வை மங்கிக்கினே போவுது" என்றான். தணிகாசலம் தலையைக் குனிந்து பென்சிலைச் சீவினான்.

மறுநாள் சென்னையில் பரீட்சை எழுதிவிட்டு அறைக்குத் திரும்பியதும், முதலில் உள்ளே நுழைந்த தணிகாசலம், சட்டைப்பையில் வைத்திருந்த தந்தியைக் கதவருகே குனிந்து எடுப்பதுபோல எடுத்து, அப்போதுதான் பிரிப்பதுபோலப் பிரித்து, "முனி, தந்தி வந்து கெடக்குதுடா" என்று நீட்டினான். பொய் அவ்வளவு லேசாக வாயில் வரும் என்று அவனே நினைக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்து முனிகிருஷ்ணன் மொட்டைத் தலையோடு வந்தான். அம்மா ஞாயிறு சாயங்காலமே போய்விட்டிருந்தாள். திங்கள் மத்தியானம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, சித்தப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வந்தவன் பையைக்கூட இறக்காமல் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தான். தபால் இலாகாவுக்கு எழுதிய புகார்.

"அந்த கலியன் ஒரு நாள் லேட்டா கதவுக்கு அடியில சொருவிட்டுப் போயிருக்கான். அவன் வேலையே போவணும். நீயும் சாட்சி கையெழுத்துப் போடு."

தணிகாசலம் காகிதத்தை அவனிடமே திருப்பித் தள்ளினான்.

"அவரு மேல தப்பில்லடா. ஞாயித்திக்கிழமையே குடுத்துட்டாரு. நான்தான் வாங்கனேன்."

முனிகிருஷ்ணன் கத்தவில்லை. "எத்தினி மணிக்கு?" என்றான்.

"ஒம்போதரைக்கு."

"ஊருக்குப் போவ பத்தேகாலுக்குத் திருவள்ளூர் பஸ் இருந்துச்சே."

"இருந்துச்சு."

"எனக்கு பரீட்சை போயிடும்னா மறைச்ச?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பாதி மன்னிப்பு கிடைத்துவிடும். தணிகாசலத்தால் முடியவில்லை. "அதுவும்தான். ஆனா நீ போய்ட்டா அந்தக் கணக்க எனக்கு யார் சொல்லிக் குடுப்பாங்கன்னுதான் மொதல்ல தோணுச்சு."

முனிகிருஷ்ணன் புகாரைக் கிழித்தான். பெட்டியைக் கட்டினான். அன்றே வேறு தெருவுக்குக் குடிபோனான்.

பிப்ரவரியில் முடிவு வந்தபோது இருவருமே தேறியிருந்தார்கள். வேரியன்ஸ் கணக்கு இருபது மார்க்குக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கற்றதை வரி தவறாமல் எழுதியிருந்தான் தணிகாசலம். ஆலையில் மாலை போட்டார்கள்.

அதன் பிறகும் இருவரும் ஒரே பிரிவில்தான் இருந்தார்கள். முனிகிருஷ்ணன் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டான். ஊரில் அப்பாவோடு இருந்து அம்மாவின் நான்காம் வருஷத் திதி கொடுக்க அவன் லீவு கேட்டபோது, தணிகாசலம் தயங்கித் தயங்கி, "நானும் வந்து உங்க நைனா கால்ல உழுந்துட்டு வரட்டுமா?" என்றான்.

முனிகிருஷ்ணன் லீவு சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"நைனாவுக்கு நான் இன்னும் சொல்லல. கூடவே தங்கிப் படிச்ச உன்னாலதான் நான் படிச்சு தேறினேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. நீ வந்தா பக்கத்துல ஒக்கார வெச்சு சோறு போடுவாரு. என்னால அத பாக்க முடியாது. வராத."