சத்தத்தின் வழியறிந்த சிவபாதம் அண்ணர்

சிவபாதம் அண்ணர் காலமாகிவிட்டார் என்று அவர் குடியிருந்த, ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவிலுள்ள மாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர் தொலைபேசியில் சொன்னபோது, நான் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். "கிடந்து எத்தனை நாள்?" என்றுதான் முதலில் கேட்டேன். கலியாணம் செய்யாதவர். ஒருவரும் அறியாமல் செத்துக் கிடப்பேனோ என்ற ஒரே பயம்தான் அவருக்கு. "இன்று காலைதான்" என்றார்.

அண்ணர் ஒஸ்லோவில் காற்றுக்குழாய் பொருத்தும் வேலை செய்தவர். அந்நகரின் குறொன்லாண்ட் பகுதியில் நான் கடை திறந்த புதிதில், கடைக் காற்றை வெளியேற்றும் காற்றாடியின் இரைச்சல் மேல்வீட்டுக்கு ஏறியது. சத்தம் நிற்காவிட்டால் கடையைக் காலி செய் என்றார் கட்டடச் சொந்தக்காரர். நான் கெட்டிக்காரன் என்ற நினைப்பில் காற்றுக்குழாயைச் சுற்றிப் பஞ்சு கட்டினேன். அது சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் அரிசிச் சாக்கை அடைத்தேன். பயனில்லை. அண்ணரைக் கூப்பிட்டேன்.

"என்ன ஐசே, குழாய்க்குக் குளிருதெண்டு சட்டை போட்டனீரோ?"

"சத்தம் வெளியாலை வராமல் அண்ணை."

"வெளியாலை கொஞ்சம்தான். மிச்சம் உள்ளுக்காலை காத்தோடை போகுது. பஞ்சு உள்ளுக்கெல்லோ வேணும்." சாக்கைப் பிடுங்கி எறிந்தார். "இதாலையும் போகுது. சத்தத்துக்கு ஒரு விரல் இடுக்கே காணும்."

காற்றாடியை அடுத்து, உட்புறம் பஞ்சு பதித்த பெட்டியொன்றைப் பொருத்தி, சுவர் இடுக்கைப் பூசி மூடினார். என் கடை தப்பியது.

அவர் சனிதோறும் கடைக்கு வருவார். நான் அவர் வீட்டுக்குப் போனது ஒரேயொரு முறை. ரயிலில் இருபது நிமிடம்தான், தூரமென்று சாட்டுச் சொல்ல வழியில்லை. சமையலறைக் காற்றுத்துளையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சண்டை துல்லியமாகக் கேட்டது.

"ஊரார் வீட்டுச் சத்தமெல்லாம் அடைக்கிறியள். இதை விட்டிட்டியளே அண்ணை?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். ஒரு பெட்டி வைச்சால் நிண்டிடும்." சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நிண்டால், இஞ்சை வேறை ஆர் கதைக்கப் போகினம்?"

நான் சிரித்துவிட்டு வந்தேன். பிறகு போகவில்லை.

இறுதிச் சடங்கில் அந்தப் பக்கத்து வீட்டு நொர்வேஜியப் பெண் தன் மகளோடு என்னிடம் வந்தார். காலைதோறும் அண்ணர் இருமிச் செருமித் தேவாரம் பாடுவது தங்கள் சமையலறையில் கேட்குமாம். அவர் போன அன்று கேட்கவில்லை. தேநீர் ஆறுமுன் போய்க் கதவைத் தட்டினாராம். திறக்காததால் பராமரிப்பாளரைக் கூப்பிட்டாராம்.

குழாயில் சத்தம் இரு பக்கமும் போகும் என்பது அண்ணருக்குத் தெரியாததல்ல.

மகள் சவப்பெட்டியருகே நின்று, சொற்கள் தெரியாமல், அந்தத் தேவாரத்தின் மெட்டை மட்டும் முனகினாள்.

நிம்மதியாகப் போங்கள் அண்ணை. ஒரு காலைப்பொழுதுகூட நீங்கள் தேடுவாரற்றுக் கிடக்கவில்லை.