ட்ரிப்பரைத் தவிர்த்த டிபன் வேன்

பேசாமல் இருந்தது போதும்.

திருமயம் சாலையில் நிற்கும் என் தம்பியின் டிபன் வேனில் ட்ரிப்பர் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. கரண்ட் கசிந்தால் உயிரைக் காப்பாற்றும் ஸ்விட்ச் அது. இன்று பார்த்தால், அதைக் கழற்றிவிட்டு நேராக வயர் கொடுத்திருக்கிறான்.

சமையல் நடக்கும் இடமென்று அவன் மனைவி செருப்பை வெளியே விட்டுவிட்டு, வேனின் ஈரத் தகரத் தரையில் நின்று கிரைண்டரில் மாவாட்டுகிறாள்.

“ட்ரிப்பரை மாட்டி, கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிப் பாருடா. அப்ப விழலைன்னா கோளாறு கிரைண்டர்லதான்” என்றேன்.

“ஒங்க படிப்பை ஒங்க வீட்டோட வச்சுக்கங்கண்ணே. இங்கிட்டு யாவாரம் நடக்குது.”

பாகம் பிரித்ததில் என்னை ஏமாற்றியவன். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை.

பெயர் போடாமல் இதைப் பதிவிடுகிறேன். எழுதியது யாரென்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாலையில் டிபன் வேன்கள் பல நிற்பதால், அண்ணன் சொல்லித்தான் மாட்டினான் என்று ஊர் பேசாது.

இனியாவது மாட்டுவானா, சொல்லுங்கள்.