ஆகாய நிறத்து அடிப்பக்கம்

நான் ஐந்தாவது படித்த வருஷம், என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டு மாடியில் ஒரு போர் விமானம் கட்டினார். மாமா காலாப்பட்டு வழியில் பஸ் ஓட்டுபவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தா ஒரு விமானத்தின் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் கூடத்தில் தொங்கியது. அதே விமானத்தைத்தான் மாமா தக்கை போன்ற லேசான மரத்தில், ரிமோட்டில் பறக்கும்படி செய்துகொண்டிருந்தார். எட்டு மாத வேலை.

எலும்புக்கூடு முடிந்ததும் தோல் போர்த்த வேண்டும். ஒரு பக்கம் பசை உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், அது ஒட்டிக்கொண்டு, சூட்டில் சுருங்கி விறைத்துவிடும். வீட்டில் இருந்ததோ ஒரே இஸ்திரிப் பெட்டி. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் முதுகுப்பக்கம் பச்சைத் தாளின் கறை பிடித்தது. அது தெரியாமலே அவர் மாதா கோயிலில் பூசை முழுக்க முன்வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

விமானத்தின் மேல்பக்கம் பச்சை என்பதில் சண்டை இல்லை. அடிப்பக்கத்துக்கு மாமா ஆரஞ்சுத் தாள் வாங்கியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சண்டை பிளேனுக்கு யாராவது ஆரஞ்சு போடுவாங்களா மாமா? எதிரி சுட்டுடுவான். வானம் கலர்லதான் இருக்கணும்."

"மேல போனா நமக்குத் தெரியணுமில்ல பாப்பா?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இளநீலத் தாள் வந்தது. நானே தேய்த்தேன். ஒரு சுருக்கமும் விழவில்லை.

மாமாவுக்குக் கேள்வி கேட்டு மடக்கும் பழக்கம் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. அவர் பஸ்ஸில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தால், எதிரே வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அவரைக் கடுப்பேற்றுவது எனக்குப் பிடித்த விளையாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைச்சாவடி கடற்கரையில் விமானத்தைப் பறக்கவிட்டோம். இரண்டு முறை அழகாகச் சுற்றிவிட்டுக் கடல் பக்கம் போனது.

"மூக்கு எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு."

"நம்ம பக்கம்தான் வருது" என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மாமா நம்பினார். ரிமோட்டில் விரலை அசைக்காமல் அது வந்து சேரக் காத்திருந்தார். "இல்ல மாமா, போவுது. சும்மா சொன்னேன்" என்று நான் கத்தியபோது அது ஒரு புள்ளி. பிறகு அதுவும் இல்லை. மாமா என்னைத் திட்டவில்லை. வீட்டில் கேட்டபோது, விமானத்தின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் மாமா பஸ் எடுக்கப் போகவில்லை. அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் வேலை கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பொம்மை போனதற்கு ஸ்டியரிங்கை விட்டவன் என்று அம்மா பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். என்னால்தான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். சாமியார் மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன், மனசு லேசானது.

மாமாவின் கண் நரம்பு அந்த வருஷத்திலிருந்தே வாடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு, எதிரே இருப்பது வருகிறதா போகிறதா என்று அன்றைக்குக் கடற்கரையில் தெரியவில்லை. போர்டுகளையும் அவர் தெரியாமல்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.