பற்ற வைத்த சீட்டு

மாதையன் நல்ல உயரம். அவன் தம்பி பச்சியப்பன் அவனுடைய தோளுக்குக்கூட வரமாட்டான். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் மஞ்சள் விற்ற கையோடு இருவரும் சேர்ந்து ஒரு சைக்கிள் வாங்கினார்கள். விடிந்ததும் மாதையன் அதில் டீக்கடைகளுக்குப் பால் கொண்டுபோவான். அவன் திரும்பியதும் பச்சியப்பன் ரைஸ் மில் வேலைக்கு எடுத்துப்போவான்.

ஒரே சைக்கிள், இரண்டு உயரம். தினமும் சீட்டை ஏற்றி இறக்க வேண்டும். பச்சியப்பனுக்கு எப்போதும் அவசரம், அதனால் இருவருக்கும் மாதையனே செய்தான். மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் கம்பியை உருவி, மண்ணெண்ணெய்த் துணியால் துரு துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவிச் சொருகுவான். கம்பி நாலு விரல் நீளமாவது ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போது ஒடியும் என்று சைக்கிள் கடை அப்துல் ஷுக்கூர் சொல்லியிருந்தார். அதை அவன் மீறியதே இல்லை. அந்தக் கம்பி இறுகிக்கொண்டது என்ற பேச்சு ஐந்தாறு வருஷத்தில் ஒரு நாளும் எழவில்லை.

எழுபதில் பச்சியப்பனுக்கு அரூர்ப் பக்கம் பெண் பார்த்தார்கள். தை மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் வந்து நின்றான்.

"அண்ணா, நாளைக்கு அரூர் போறேன். சீட்ட எனக்குச் சரியா வெச்சுக் குடு. துளிகூட ஆடக் கூடாது."

மாதையன் தம்பியை ஏறி உட்காரச் சொன்னான். பெடலில் குதிகாலை வைக்கச் சொல்லி, கால் நீண்டு நிற்கிறதா என்று பார்த்தான். இறக்கினான், திரும்பக் கொஞ்சம் ஏற்றினான். சீட்டின் மூக்கு நேராக இருக்கும்படி திருப்பி, நட்டை முடுக்கினான். மாப்பிள்ளை ஆகப்போகிறவன் கோணலாகப் போய் இறங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

தம்பி அரூர் போய்வந்த மறுநாள் விடியலில், மாதையன் பால் கேனை மாட்டிவிட்டு, சீட்டை ஏற்ற ஸ்பேனரை வைத்தான். பிடிக்க நட்டே இல்லை. கம்பியைச் சுற்றிப் பித்தளை உருகி வளையமாக உறைந்திருந்தது. பெயிண்ட் கருகியிருந்தது.

"பச்சியப்பா, என்னடா இது?"

"கம்பிய ஃப்ரேமோட பத்த வெச்சுட்டேன். ஏத்தி எறக்கி நட்டு தேஞ்சு போச்சு."

"நான் முடுக்கறப்ப நல்லாத்தான இருந்துச்சு."

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த மாதையன் மனைவி தீர்த்தம்மாள் கேட்டாள்: "பொண்ணு வூட்டுல சைக்கிள் யாருதுன்னு கேட்டாங்களா?"

"என்னுதுன்னு சொல்லிட்டேன்" என்றான் பச்சியப்பன். "அவங்க வந்து பாக்கறப்ப சீட்டு அண்ணன் ஒசரத்துக்கு நின்னா நான் என்ன சொல்லறது?"

"எங்கிட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"கேட்டா, நீ குடுத்ததா ஆயிருமில்ல."

மாதையன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஏறி மிதித்துப் பார்த்தான். முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே பாப்பிரெட்டிப்பட்டி போனான். டீக்கடைக்காரர்கள் வேறு பால் வாங்கி அடுப்பில் ஏற்றியிருந்தார்கள்.

கடையில் ஷுக்கூர் அவன் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார். "நீங்க சொல்லித்தான் வந்தேன்னு சொன்னாருங்க உங்க தம்பி. அண்ணனே அளவு பாத்து முடுக்கிக் குடுத்திருக்கு, இப்படியே பத்த வெச்சிருங்கன்னாரு."

"அறுத்து எடுக்க முடியுமா பாய்?"

"அறுத்தா ஃப்ரேம் வாயும் சேந்து போயிரும். ஏற்கெனவே சூடு பட்ட எடங்க."

மாதையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். சைக்கிள் போனதுகூட அவனுக்குப் பெரிதில்லை. தம்பியை உட்காரவைத்து, தன் கையாலேயே அளவெடுத்து, இறுக்கிக் கொடுத்திருக்கிறான். அந்த நேரம் முழுக்க சீட்டின் மேல் இருந்தவனுக்கு, அதைப் பற்ற வைக்கப்போவது தெரிந்திருக்கிறது.

அன்றே சைக்கிளைத் தம்பியிடம் விட்டுவிட்டான். காவடி கட்டிப் பால் சுமந்தான். கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது பெண்ணின் மாமா, "மாப்ள சொந்த சைக்கிள் வெச்சிருக்காரு" என்று யாரிடமோ சொன்னார். மாதையன் அடுத்த இலைக்கு நகர்ந்தான். ஆடிக்குள் தம்பி தனி வீடு போய்விட்டான்.

எழுபத்து மூன்றில் மாதையன் ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். அந்த மழைக்காலத்தில் தம்பியின் சைக்கிள், பற்ற வைத்த இடத்தை ஒட்டி விரிசல்விட்டு முறிந்தது. சில நாள் கழித்துப் பச்சியப்பன் ஓடிவந்தான். மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, நர்சம்மாவைக் கூட்டிவர வேண்டும். அண்ணனின் சைக்கிளைப் பிடித்தவன் சீட்டின் உயரத்தைப் பார்த்துத் தயங்கினான். மாதையன் மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டான்.

"எறக்கிக் குடுங்க. வலியில கெடக்கற அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?" என்றாள் தீர்த்தம்மாள்.

வந்து இறக்கி முடுக்கினான். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அது நடக்கத் தொடங்கியதும் பெரியப்பன் வீடே கதி என்று கிடந்தது. பால் ஊற்றப் போகும்போது மாதையன் அதைச் சைக்கிள் பாரில் துண்டு மடித்துப் போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போவான். தூக்கிக்கொள்ளத் தம்பி எதிரே வந்தால், குழந்தையைக் கீழே இறக்கிவிடுவானே தவிர அவன் கையில் கொடுக்கமாட்டான்.