வெண்கட்டி வீடுகள்

ராத்தா, என் மூத்த சகோதரி, புலமைப்பரிசில் கிடைத்துப் பட்டம் படிக்கக் கெம்பஸுக்குப் போனபோது, அவள் டீச்சராகத்தான் திரும்பி வருவாள் என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மூன்றாம் வருட விடுமுறையில் வந்தவளோ, எங்கள் ஊரின் சரித்திரத்தை எழுதப்போவதாகச் சொன்னாள். இனி அதுதான் தன் தொழிலாம்.

வாப்பாவைவிட மாமாதான் அதிகம் கலங்கிப்போனார்.

"நம்மட ஊருக்கு என்ன புள்ள சரித்திரம்? ராசா இரிந்தானா, கோட்ட இரிந்திச்சா?"

"கடற்கரத் தெரு இரிந்திச்சே மாமா," என்றாள் ராத்தா.

அந்தத் தெருவைச் சூறாவளியும் கடலும் கொண்டுபோய் நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. மிஞ்சியவர்கள் ஊருக்குள் ஆளுக்கொரு மூலையில் குடியேறியிருந்தோம். ராத்தா வந்த அந்த விடுமுறையில் எனக்கு எட்டு வயது. அங்கிருந்த ஒரு வேலிகூட நினைவில் இல்லை.

ராத்தா பள்ளிக்கூட அதிபரிடம் கெஞ்சி, ஒரு சனிக்கிழமைக்கு மண்டபத்தை வாங்கினாள். சீமெந்துத் தரை முழுவதும் தவழ்ந்து தவழ்ந்து வெண்கட்டியால் அந்தத் தெருவை வரைந்தாள். ஒழுங்கைகள், கிணறுகள், ஒரு பாய் விரிக்கும் அளவில் வீடுகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆகவே கட்டத்துக்கு ஒரு பெண்ணின் பெயர். பிழை திருத்தித் தரும்படி அந்தப் பெண்களையெல்லாம் கூப்பிட்டும் இருந்தாள்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்தும் ஒருவரும் வரவில்லை. அவர்கள் வராவிட்டால் ராத்தாவுக்கு எழுத ஒன்றுமில்லை என்பது எனக்கே விளங்கியது. பின்னேரம் அசருக்குப் பாங்கு சொன்ன பிறகு உம்மா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கோட்டையும் மிதிக்காமல் ஒழுங்கை வழியே நடந்துபோய், எங்கள் கட்டத்துக்குள் உட்கார்ந்தாள்.

"கிணத்தப் பிழையாப் போட்டிரிக்காய். அது அடுத்த வளவுக்குள்ள."

அதற்குப் பிறகு செய்தி எப்படிப் போயிற்றோ, மண்டபம் நிறைந்துவிட்டது. ஒருத்தியும் குறுக்கே நடக்கவில்லை. வாசல் இருந்த பக்கத்தால் நுழைந்து, அவரவர் வீட்டில் உட்கார்ந்து, வேலிக்கு வேலி கதைக்கத் தொடங்கினார்கள்.

"உண்ட மாங்காயெல்லாம் எங்கட முத்தத்திலதான்கா விழும்."

"ஓம்கா, ஒண்டும் திரும்பி வந்ததில்ல!"

ராத்தா ஓடி ஓடி அழித்தாள், வரைந்தாள். நான் வாய் பிளந்து நின்றேன். இல்லாத தெரு ஒன்று என் கண்முன்னே எழும்பி நின்று இரைந்தது.

பொழுது சாய, மஃரிபுத் தொழுகைக்கு முன் எல்லோரும் எழுந்து போனார்கள். எங்கள் பழைய பக்கத்து வீட்டு மாமி மட்டும் தன் கட்டத்தைவிட்டு அசையவில்லை. ராத்தா கோட்டுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"மாமி, உள்ளுக்கு வரட்டா?"

"வா மகள். மெதுவா வா. புள்ளையள் படுத்திரிக்கி."

நான் சிரித்துவிட்டேன். மாமி இப்போது தனியாக இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளையையும் நான் கண்டதில்லை. பெரியவர்களும் எங்களைப் போல வீடு கட்டி விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். ராத்தா சிரிக்கவில்லை. வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, விரல்நுனியில் நடந்து உள்ளே போய், மாமியின் அருகில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

இவ்வளவு நன்றாக விளையாடத் தெரிந்தவள் என்னோடு ஒருநாளும் விளையாட வரவில்லையே என்றுதான் எனக்கு அப்போது இருந்தது.