ஊருணியை ஏரி என்று எழுதியவர்

“அச்சுல ஏறிருச்சு. இனிமே அதத் திருத்த நீ யாருடி? பேசாம உன் வேலையப் பாரு.” போன வருடக் கோடையில், ராமநாதபுரத்தில் நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில், எங்கள் துறையில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் சொன்னது இது.

எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

அந்தக் கோடையில் குடிநீர்ச் சுத்திகரிப்பு வசதி கேட்டு ஊரார் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது என்று சொல்லி அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடப் போயிருந்த அய்யா, என் அப்பா, வீட்டுக்கு வந்ததும் என்னிடம்தான் கேட்டார்.

“ஏத்தா, வாயில வச்சா கரிக்குது. அத நல்ல தண்ணின்னு எழுதுனவுக குடிச்சுப் பாத்தாகளாமா?”

கட்டுரையைத் தேடிப் படித்தேன். அறிவியல் இதழ் ஒன்றில் வந்தது. எழுதியவர் பெயர்பெற்ற பேராசிரியை. உப்பின் அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. தவறு ஒரே சொல்லில். எங்கள் சீமையில் கண்மாய் வயலுக்கு, ஊருணி குடிப்பதற்கு. கண்மாயில் மாடு குளிப்பாட்டுவோம். ஊருணியில் காலைக்கூட நனைக்க மாட்டோம். கட்டுரையில் இரண்டும் பாசன ஏரி என்று ஒரே பெயரில் இருந்தன. அதனால் நாங்கள் குடிக்கிற தண்ணீரை, பயிர் தாங்குமா என்று மட்டும் பார்த்து நல்லது என்று எழுதிவிட்டார்கள். குடிநீருக்கான அளவுகோலை வைத்தால் அது தேறாது.

இதைக் காட்டியபோது அந்த அக்கா சொன்னதைக் கேட்டபின் இரண்டு மூன்று நாள் தயங்கினேன். பிறகு பேராசிரியைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரும் என்று நினைக்கவில்லை. மறுநாளே அவர் போனில் கூப்பிட்டார். வட தமிழ்நாட்டுக்காரர். தங்கள் பக்கம் எல்லாமே ஏரிதான், ஊருணி என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன்.

“அந்தத் தண்ணியக் குடிக்கிறாங்களாம்மா?”

“எங்க வீட்டுலயே அதத்தான் குடிக்கிறோம் மேடம்.”

தன் அட்டவணையில் இருந்த அளவுகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, “அப்போ நான் எழுதினது தப்பு” என்றார். தண்ணீர் மாதிரி எடுக்க வந்தவர்கள் மீதோ அவர்கள் குறிப்புகளை மொழிபெயர்த்தவர்கள் மீதோ பழி போடவில்லை.

அவர் அதோடு விடவும் இல்லை. அந்தச் சொல்லைத் திருத்தி ஒரு குறிப்புப் போட்டால் போதும் என்றதாம் இதழ். முடிவே தவறு, கட்டுரையையே திரும்பப் பெறுகிறேன் என்று இவர் நின்றிருக்கிறார். ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு அது சின்ன விஷயமில்லை. காலத்துக்கும் அவர் பெயரோடு கூடவே வரும். உடன் எழுதியவர் கோபித்துக்கொண்டு பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

“என் பேரு கொஞ்சம் கெட்டா பரவாயில்லம்மா. அங்க குடிக்கிறவங்க இருக்காங்களே.”

இப்போது அந்தக் கட்டுரையைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்புதான் முதலில் தெரியும். காரணத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சுட்டிக்காட்டியது யார் என்று என் பெயரையும், என்னிடம் கேட்டுவிட்டுச் சேர்த்திருக்கிறார். அய்யா என் செல்போனை வாங்கி, “இதுல உம் பேரு எங்கன இருக்கு?” என்று கேட்டு, நான் காட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த அறிவிப்போடு போனபோது ஊரின் மனுவை வாங்கிக்கொண்டார்கள். வசதி இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன மாதம் என் முதல் கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்பிவிட்டேன். யாரும் சரிபார்க்கும்படி நான் எடுத்த அளவுகள் முழுவதையும் சேர்த்தே அனுப்பினேன். அதில் தவறு இருக்கிறது என்று என்றைக்காவது ஒருவர் எழுதினால், அந்தப் பேராசிரியையைப் போல மறுநாளே கூப்பிட்டுப் பேசுகிற மனசு எனக்கும் இருக்க வேண்டும்.